சீர் வண்டி

அந்தக் கல்லுல கால வைக்காதீங்க தம்பி, பாசி பிடிச்சுக் கிடக்கு. இங்குட்டு வாங்க, இந்த மணல்ல நில்லுங்க. அருவி பாக்கவா போறீங்க? எஸ்டேட் பங்களாவுல தங்கியிருக்கீங்களாக்கும். அருவி எங்கேயும் ஓடிராது, செத்த நேரம் நில்லுங்க. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம காலையிலிருந்து இந்த சீட்டுலயே உக்காந்திருக்கேன்.

இல்ல இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல. அத முதல்லயே சொல்லிடுறேன். பாக்குறவங்க ஜீப்பு ஓடையில மாட்டிக்கிச்சுன்னு நினைச்சுருவாங்க. மாட்டல. இஞ்சின் சூடாச்சு, தண்ணிக்குள்ளயே நிறுத்துனா சீக்கிரம் ஆறும்னு நான்தான் நிறுத்துனேன். நிறுத்துன இடம் மணலாப் போச்சு. கொஞ்சம் இறங்கிருச்சு. கொஞ்சம்னா, அச்சு வரைக்கும். நாலு சக்கரமும்தான்.

பாட்டுச் சத்தம் அதிகமா இருக்கா? குறைக்க முடியாது தம்பி, கோவிச்சுக்கிறாதீங்க. அது கோயிலுக்குக் கேக்கணும். அந்தா மூங்கில் புதர் தெரியுதுல்ல, அதுக்குப் பின்னாடி ஏறுனா எங்க குலசாமி கோயில். கூப்பிடு தூரம்தான். மாமன் வந்துட்டான், பக்கத்துலதான் நிக்கிறான்னு அங்க இருக்குறவங்களுக்குத் தெரியணும்ல.

என் பேரு தெய்வேந்திரன். கீழ போடிதான். அங்க கோயில்ல இன்னைக்கு என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தங்கச்சி பேரு நாகஜோதி, பிள்ளை பேரு கவிநிலா. பேரு நான் வச்சது. நான் சொன்ன பேரு வேற, அவங்க கொஞ்சம் மாத்திட்டாங்க, ஆனா நிலா நான் சொன்னதுதான். உங்க பக்கம் எப்படியோ தெரியாது, எங்க பக்கம் தாய்மாமன் மடியில உக்காரவச்சுத்தான் மொட்டை எடுக்கணும், காது குத்தணும். தோடும் தாய்மாமன் கொண்டுவரணும். ஆசாரி ஊசியோட உக்காந்திருப்பாரு, ஆடு வெட்டாம நிக்கும், அடுப்புல உலை கொதிக்கும். மாமன் வந்து உக்கார்ற வரைக்கும் ஒண்ணும் நடக்காது. அப்பேர்ப்பட்ட மரியாதை அது.

தோடு என்கிட்டத்தான் இருக்கு. இந்தா, சட்டைப் பையில.

நீங்க என்ன கேக்க வர்றீங்கன்னு தெரியுது. கூப்பிடு தூரம்னா நடந்து போயிரலாமேன்னு. எல்லாரும் அதையேதான் கேக்குறாங்க. என் சம்சாரம் மலர்க்கொடி கேட்டா, போன்ல என் தங்கச்சி கேட்டா, இப்ப நீங்க. நடக்குறதுக்குத் தெரியாதா தம்பி எனக்கு? மழைக்காலத்துல இதே ஓடை ரெண்டு கரையும் தட்டி ஓடும். அப்ப ஜோதி சின்னப் பிள்ளை. அவளத் தோள்ல உக்காரவச்சுக்கிட்டு தண்ணிக்குள்ள இறங்கித் தாண்டியிருக்கேன். என் முடியப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வருவா. அதெல்லாம் வேற. இது சீர். சீருன்னா முறையாப் போகணும்.

முதல்லருந்து சொல்றேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். தங்கச்சி வீட்டுக்காரரு பேரு சுருளிவேல். நல்ல மனுசன்னு ஊரே சொல்லும். நானும் இல்லேங்கல. காதுகுத்துப் பேச்சு எடுத்தப்ப நான் சொன்னேன், மாப்ள, சீர் என் ஜீப்புலதான் வரும்னேன். அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாருன்னு கேளுங்க. "எதுக்கு மச்சான் சிரமம், அது பழைய வண்டி. வாடகை ஜீப்பு சொல்லியிருக்கேன், நீங்களும் அக்காவும் முன்சீட்டுல உக்காந்துக்கங்க, எல்லாரும் ஒண்ணாப் போவோம்." பாத்தீங்களா? பழைய வண்டியாம். பத்துப் பேரு முன்னாடி சொல்றாரு. அதுவும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு.

அன்னைக்கு ராத்திரி சோறு இறங்கல தம்பி. மலர்க்கொடி சொன்னா, அவரு பாசமாத்தான சொன்னாருன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும் இந்தக் குத்தல் பேச்சு?

இந்த ஜீப்பு எஸ்டேட்ல ஏலத்துல எடுத்தது. ஏலக்காய் மூட்டையும் தண்ணிக் கேனும் ஏத்திக்கிட்டு இருந்துச்சு. ஆனி மாசம் பட்டறையில ஏத்துனேன், தை வரைக்கும் இறக்கல. வேற வேலை பாக்கல. ஸ்பிரிங் பட்டையில தகடு கூட்டி வண்டிய இடுப்பு உயரம் தூக்கினேன். டயரப் பாருங்க, டிராக்டர் டயரு மாதிரி பல்லு. இந்தா இஞ்சினுக்குக் காத்து இழுக்குற குழாய், கூரைக்கு மேல போகுது, கழுத்தளவு தண்ணியில இறங்குனாலும் இஞ்சினுக்குள்ள தண்ணி ஏறாது. மேல சுத்தியும் இரும்புக் குழாய்க் கூண்டு, உருண்டாலும் ஆளுக்குச் சேதமில்ல. பின்சீட்டக் கழட்டிட்டேன், கனம் குறையட்டும்னு. மலர்க்கொடி அரிசி மூட்டை மேல உக்காந்துதான் வந்தா. வண்டி உயரம் கூடிப்போச்சுல்ல, அவளுக்கு ஏற முடியல. அதுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் வேணாம்னு மர ஸ்டூலாவே வாங்கினேன்.

முன்னாடி பம்பர்ல விஞ்ச் இருக்கு தம்பி. இழுவை மெஷின். பேட்டரியில ஓடும். இரும்புக் கயிற உருவி ஒரு மரத்துல கட்டி சுவிட்ச அமுக்குனா வண்டி தன்னைத்தானே இழுத்துக்கிட்டு வந்துரும். எந்தச் சேத்துல இருந்தாலும் வந்துரும். இந்த மலையில வேற எந்த ஜீப்புலயும் அது கிடையாது.

அதத்தான கேக்குறீங்க, ஏன் இழுக்கலைன்னு. முன்னாடி சுத்திப் பாருங்க. நனைஞ்சா நனையட்டும், பேன்ட்ட மடிச்சு விட்டுட்டுப் பாருங்க.

எப்படி இருக்கு? ஃபிளெக்ஸ் நான் நின்னு அடிச்சது. மரச்சட்டம் கட்டி, பம்பர்லருந்து கண்ணாடி வரைக்கும் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கு. காத்துல படபடங்கக் கூடாதுன்னு இடைவெளியே விடல. நடுவுல பிள்ளை படம். இந்தப் பக்கம் நான் கும்பிட்டபடி. அந்தப் பக்கம் ஜீப்பு படம். ஜீப்பு மேலயே எதுக்கு ஜீப்பு படம்னு மலர்க்கொடி கேட்டா. அவளுக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி.

விஞ்ச் அதுக்குப் பின்னாடி இருக்கு. கயிற உருவணும்னா ஃபிளெக்ஸக் கிழிக்கணும். சட்டத்தக் கழட்டலாம்னா போல்ட்டு அடியில அச்சுப் பக்கத்துல இருக்கு, மணல்ல முங்கிக் கிடக்கு. அப்ப கிழிச்சாத்தான் வழி. நீங்களே சொல்லுங்க, காதுகுத்து அன்னைக்கு, நல்ல நேரத்துல, பச்சைப் பிள்ளை மொகத்துல கத்திய வச்சுக் கிழிக்கலாமா? அபசகுனம் தம்பி. கிழிச்சவன் தாய்மாமனாவே இருந்தாலும் அபசகுனம்தான்.

வந்த வழி? நல்ல ரோடு அந்தப் பக்கம் இருக்கு, வாடகை ஜீப்பெல்லாம் அதுலதான் வரும். கோயிலுக்குப் பக்கத்துல ஒரு ஆலமரம், அதுவரைக்கும் கொண்டுவந்து விட்டுருவாங்க. அந்த ரோட்டுல வந்தா இந்த வண்டி எதுக்கு? பழைய கழுதைப் பாதை ஒண்ணு இருக்கு, காப்பிக்கொட்டை சுமந்த காலத்துப் பாதை. அதுல வண்டின்னு ஒண்ணு ஏறினதே கிடையாது. சுருளிவேல் கோயில் வாசல்ல நின்னு பாக்கணும், எந்தப் பக்கமிருந்து சத்தம் வருதுன்னு எல்லாரும் திரும்பணும், இந்த மூங்கிலப் பிளந்துக்கிட்டு சீர் வண்டி வந்து நிக்கணும். அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. இது ஒரு பெரிய ஆசையா?

ஏத்தம் பூராம் வண்டி ஏறுச்சு தம்பி. ஒரு கல்லு விடல. ஆனா பாதி ஏத்தத்துலருந்து சூட்டு முள்ளு ஏற ஆரம்பிச்சிருச்சு. எனக்கு அதுதான் புரியல. போன வாரம் இதே ஏத்தத்துல வெறும் வண்டிய ரெண்டு தடவை ஏத்தி இறக்குனேன், முள்ளு அசையல. ரேடியேட்டர் புதுசு, விசிறி புதுசு. நேத்து சாயங்காலம் ஃபிளெக்ஸ் கட்டுனதத் தவிர ஒரு ஆணியக்கூட நான் மாத்தல. இன்னைக்கு மட்டும் ஏன் சூடாகணும்? பட்டறைக்காரன் எதையோ ஒழுங்கா மாட்டல. ஊருக்குப் போய் அவனக் கவனிச்சுக்கிறேன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? காத்தா? காத்து நல்லாத்தான் வந்துச்சு, மலையில காத்துக்கு என்ன குறை.

நிறுத்துனதும், பின்னாடி தொத்திக்கிட்டு வந்த பங்காளிங்க எல்லாம் தட்டுகளத் தலையில தூக்கிட்டுக் கிளம்பிட்டாய்ங்க. மாமன் இல்லாமச் சீர் போகலாமான்னு கேட்டேன். நல்ல நேரம் போயிரும்ணே, நீங்களும் வாங்கன்னாய்ங்க. வண்டி வரும், அதுல நான் வருவேன்னு சொல்லிட்டேன். பழம், தேங்காய், பட்டுப் பாவாடை, எல்லாம் போயிருச்சு. மலர்க்கொடி கடைசி வரைக்கும் நின்னா. சேலைய முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கிட்டு, அந்தா நீங்க நிக்கிற இடத்துலதான் நின்னா. "தோட்டயாவது குடுங்க, நான் கொண்டு போறேன்"னா. குடுக்கல. தோடு மாமன் கையோடதான் போகணும். அப்புறம் போயிட்டா.

நீங்க கொண்டுபோய்க் குடுக்குறீங்களா? பெரிய மனசு உங்களுக்கு. ஆனா சம்சாரத்துக்கிட்டயே குடுக்கலைங்கறேன், முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட எப்படித் தம்பி? தப்பா நினைக்காதீங்க, உங்க மேல சந்தேகம் இல்ல. முறை அது.

அப்புறம் இஞ்சினப் போட்டு ஒரு தடவை முறுக்கிப் பாத்தேன். இன்னும் இறங்குச்சு. மறுபடி சூடாச்சு, அணைச்சுட்டேன். அதுலருந்து இப்படியே உக்காந்திருக்கேன். சுருளிவேல் போன் பண்ணுனாரு. இந்த இடத்துல மட்டும் ஒரு புள்ளி சிக்னல் இருக்கு. "மச்சான், நடந்து வாங்க, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். நீங்க வராம நாங்க ஆரம்பிக்க மாட்டோம். வண்டிய அப்புறம் எல்லாரும் வந்து தூக்குவோம்"னாரு. எல்லாரும் வந்து தூக்குவாங்களாம். என் வண்டிய. ஆலமரத்தடியில நிக்கிற வாடகை டிரைவருங்க எல்லாம் கைய மடிச்சுவிட்டு வந்து தூக்குவாங்க, ஒருத்தன் போன்ல படம் எடுப்பான். வண்டி படம் போட்டுப் பத்திரிகை அடிச்சு ஊர் பூராம் குடுத்திருக்கேன் தம்பி. இந்தப் பட்டு வேட்டி நனைஞ்சு, கால் பூராம் மணலோட நடந்து போய் நின்னா அவரு சிரிப்பாருன்னா நினைக்கிறீங்க? சிரிக்க மாட்டாரு. சிரிச்சாக்கூடத் தேவலாம். "பரவால்ல மச்சான்"னு தோளத் தட்டுவாரு. அந்தப் பரவால்லைய என்னால தாங்க முடியாது.

அடுத்து ஜோதி பேசினா. அண்ணே, வா அண்ணேன்னா. அவ்வளவுதான் சொன்னா. பிள்ளைக்கு மொட்டை எடுத்துட்டாங்களான்னு கேட்டேன். உன் மடி இல்லாம எப்படி எடுக்கிறதுன்னா. இந்தா வர்றேன்மான்னு சொன்னேன். வர்றேன்னுதான் சொன்னேன். நான் வரலைன்னு யாருகிட்டயும் சொல்லலையே. காலையிலிருந்து வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

வண்டிய விட்டுட்டுப் போகவும் பயமா இருக்கு தம்பி, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. மேல மலையில மழை பேஞ்சா இங்க வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துரும். நான் அந்தப் பக்கம் உக்காந்து பிள்ளைக்கு மொட்டை எடுத்துக்கிட்டு இருப்பேன், இங்க வண்டிய உருட்டிட்டுப் போயிரும். ஏழு மாசம் தம்பி. ராத்திரி தூங்கும்போதும் வண்டிதான். நான் உள்ள உக்காந்திருந்தா மட்டும் வெள்ளம் விட்டுருமான்னு கேக்குறீங்க. விடாது. ஆனா விட்டுட்டுப் போனான்னு பேரு வராதுல்ல.

என்ன, பாட்டு இழுக்குது? கேளுங்க, இழுத்து இழுத்து வருது. நின்னுருச்சே. செட்டுல கோளாறா? வயரப் பாருங்க தம்பி, அந்தச் சிவப்பு வயரு.

செத்த பேசாம இருங்க.

மேளம் கேக்குதுல்ல? கொட்டு மேளம் அது. எதுக்கு இப்ப அடிக்கிறாய்ங்க? மாமன் வர்றப்பத்தான அடிக்கணும். நான் இங்க இருக்கேன். தோடு இங்க இருக்கு.

அழுகுது தம்பி. பிள்ளை அழுகுது. என் பிள்ளை சத்தம் எனக்குத் தெரியாதா? ஆசாரி ஊசி வச்சிட்டாரு. எதை வச்சுக் குத்துறாங்க? யாரு மடியில? சொல்லுங்க, யாரு மடியில வச்சிருப்பாங்க? என் மடியில இருந்தா இப்படி அழுதிருக்காது. நான் காதுல ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பேன், அதுக்குள்ள குத்தி முடிச்சிருப்பாரு.

இருங்க, இன்னொரு காது இருக்கு. ஒரு காதுதான் குத்தியிருப்பாங்க, அழுக நிக்கட்டும்னு காத்திருப்பாங்க. இந்தாங்க கத்தி, தேங்காய் வெட்டக் கொண்டுவந்தது. கிழிங்க. ஆமா, ஃபிளெக்ஸத்தான், கிழிங்க தம்பி. பிள்ளை மொகத்துல வைக்காதீங்க. என் மொகத்துல வைங்க, கழுத்துலருந்து கீழ இழுங்க. நல்லா இழுங்க, பாவம் பாக்காதீங்க. கயிறு தெரியுதா? உருவி அந்த ஈட்டி மரத்துல சுத்திக் கட்டுங்க. ரெண்டு சுத்து. கட்டிட்டீங்களா? தள்ளி நில்லுங்க, கயிறு அறுந்தா மொகத்துல அடிக்கும்.

சுவிட்ச்சு போடுறேன்.

போட்டுட்டேன் தம்பி. ஓடலையா? டொக்குங்குது. மறுபடி டொக்குங்குது. பேட்டரி புதுசு. போன மாசம்தான் மாட்டுனேன். புதுப் பேட்டரி எப்படி அதுக்குள்ள இறங்கும்? காலையிலிருந்து வண்டி ஓடவே இல்லையே, சும்மா பாட்டு மட்டும்தான பாடிக்கிட்டு இருந்துச்சு. ஏமாத்திட்டான் கடைக்காரன். எல்லாரும் சேர்ந்து ஏமாத்திட்டாய்ங்க.

மேளமும் நின்னுருச்சு.

யாரோ வர்றாங்க, பாருங்க, மூங்கிலுக்கு அங்குட்டு. மலர்க்கொடிதான். நடை அவ நடைதான். கையில தூக்குச்சட்டி இருக்கு. அவகிட்டக் கேப்போம் யாரு மடின்னு. யாரு மடியிலடி வச்சாங்க? சத்தமாச் சொல்லு, தண்ணிச் சத்தத்துல கேக்கல. உன் மடியிலயா? மாமன் மடி இல்லைன்னா அத்தை மடியா? யாரு சொன்னது அப்படி? நீயா சொன்ன? யாரும் வேணாம்னு சொல்லலையா? சுருளிவேல் என்ன சொன்னாரு? என்னது, அழுதாரா? அவரு எதுக்கு அழுகணும்?

தோடு? தோட்டுக்கு என்ன செஞ்சீங்க?

தம்பி, நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. இல்ல, பரவால்ல, பாருங்க. அவ காதப் பாருங்க. மூளியாக் கிடக்கு. வேப்பங்குச்சி செருகியிருக்கா. காலையில ஒத்தைக்கல் கம்மல் போட்டு வந்தா, நான் கல்யாணத்துக்குப் பண்ணிப் போட்ட கம்மல். கழட்டிப் பிள்ளைக்குப் போட்டுட்டு வந்து நிக்கிறா. ஏண்டி, புருசன் உசுரோட இருக்கேன், குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இப்படிக் காது மூளியா ஊரு முன்னாடி நின்னுருக்கியே, என்னடி அர்த்தம்?

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்றான்னு கேட்டீங்களா?

"உசுரோட இருக்கீங்களான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்"ங்கிறா.

கோவமாச் சொல்லல. நீங்களே பாத்தீங்கள்ல, சாதாரணமாத்தான் சொன்னா. தூக்குச்சட்டிய அந்தக் கல்லு மேல வச்சுட்டா. குழம்பும் சோறும்தான் இருக்கும். இங்க வரைக்கும் கொண்டுவந்து கையில குடுக்கல பாருங்க. தண்ணியில இறங்கக் கூடாதுன்னு நினைச்சாளோ என்னமோ. காலையில முதல் ஆளா இறங்கினவ.

உங்களத்தான் கூப்பிடுறா தம்பி. தம்பி நீங்களும் சாப்பிட வாங்க, பந்தி போட்டாச்சுங்கிறா. போங்க. விசேச வீட்டுச் சாப்பாடு, வேணாம்னு சொல்லக் கூடாது. பிள்ளையப் பாருங்க, மொட்டைத் தலையோட சந்தனம் பூசி அழகா இருக்கும். அழுது மூஞ்சி வீங்கியிருக்கும், அத உங்க மடியில வாங்காதீங்க, யாரும் வாங்கக் கூடாது. இல்ல, என்னமோ சொல்றேன், விடுங்க. வாங்கிக்கங்க. பழகுன பிள்ளை மாதிரி வந்துரும் எல்லாருகிட்டயும்.

நானா? பொய் சொல்லல தம்பி. எந்திரிச்சு ஓடிரலாமான்னு இருக்கு. பசிக்கவும் செய்யுது. மேல பாருங்க, மலை கருத்துக்கிட்டு வருது, எப்ப வேணாலும் கொட்டும். நீங்க கிளம்புங்க, அவ நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. ஜோதி கேட்டா, அண்ணன் இந்தா வந்துக்கிட்டே இருக்காருன்னு சொல்லுங்க.

வண்டிய இப்படி விட்டுட்டு நான் எப்படித் தம்பி வர்றது?